தேர்வுக் கட்டணத்தில் பல்கலைக்கழகம் நடத்தச் சொல்லாதீர்கள்: உயர்கல்வித் துறைக்கும் நிதித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், நிதித் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கையை ஒட்டினார்கள். செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கூடுகிறது, பிஎச்.டி. ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம் கூடுகிறது, தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்கு நகல் வாங்கும் கட்டணமும் கூடுகிறது. காரணம் ஒரே வரி. பல்கலைக்கழகத்தின் நிதிநிலையைக் கருத்தில் கொண்டு இந்த முடிவாம். அன்று சாயங்காலம் அலுவலகத்தில் விசாரித்தபோது கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்த மாதமும் சம்பளம் இல்லை என்று தெரிந்தது. இதோடு இரண்டு மாதம்.

நான் தென்மாவட்டத்தில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்து, அங்கேயே பிஎச்.டி. முடித்து, இப்போது அங்கேயே கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதவில்லை. எங்கள் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும் வேலை, அதனால் பயம் இருக்கிறது. அதோடு, நான் சொல்லப்போவது ஒரு வளாகத்தின் கதை மட்டுமில்லை. தமிழ்நாட்டில் எந்த மாநிலப் பல்கலைக்கழக ஊழியரிடம் காட்டினாலும், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு தன் கதையாகப் படிப்பார்.

இதை எங்கள் துணைவேந்தருக்கு எழுத முடியாது, அந்த நாற்காலி காலி. பதிவாளரும் பொறுப்புப் பதிவாளர்தான். அவரிடம் போய் நின்றால், கவர்ன்மென்டில் இருந்து ஃபண்ட் வரலைம்மா, நான் என்ன பண்றது என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால் பணம் ஒதுக்கும் இடத்துக்கே நேராக எழுதுகிறேன்.

பணம் வரவில்லை என்றால் வளாகத்தில் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரியில் ஓடும் ஒரு ஃப்ரீசர் இருக்கிறது. அதில் என் கைடு 16 வருடமாகச் சேர்த்த நுண்ணுயிர்கள் இருந்தன. மானாவாரிக் காடுகளில் உளுந்தும் நிலக்கடலையும் விளையும் கிராமங்களுக்குப் போய், செடியை வேரோடு பிடுங்கி, வேர்முடிச்சில் இருந்து பிரித்தெடுத்த, செடிக்குத் தழைச்சத்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாக்கள். மொத்தம் 640 குப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் கிராமத்தின் பெயர், தேதி, யார் நிலம் என்ற குறிப்பு. அதில் நூற்றுக்கு மேல் நான் எழுதியவை. மழை பெய்யாத வருடத்திலும் வேரில் முடிச்சு வைக்கும் வகைகள் அவற்றில் இருந்தன. அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதற்குத்தான் அத்தனை வருட வேலையும்.

அந்த ஃப்ரீசருக்கு வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் 38,000 ரூபாய். இரண்டு வருடமாகப் புதுப்பிக்கவில்லை. ஃபைல் போகும், நிதிநிலை சரியானதும் மறுபடி அனுப்பவும் என்று எழுதித் திரும்பி வரும். பொங்கல் விடுமுறையில் கம்ப்ரசர் நின்றது. ஐந்து நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது, குப்பிகளில் ஒட்டிய லேபிள்கள் கையோடு வந்தன. நானும் இரண்டு ஆய்வு மாணவர்களும் மீன் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் இரண்டு மூட்டை ஐஸ் வாங்கிவந்து, தெர்மாகோல் பெட்டிகளில் குப்பிகளை அடுக்கி, பக்கத்துத் துறையின் சாதாரண ஃப்ரீசரில் கெஞ்சி இடம் வாங்கி வைத்தோம். கம்ப்ரசர் மாற்ற 1,85,000 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தது. அந்த ஃபைல் துறையில் இருந்து பதிவாளருக்கு, பதிவாளரிடம் இருந்து நிதி அலுவலருக்கு, அங்கிருந்து திரும்பத் துறைக்கு என்று ஏழு வாரம் சுற்றியது. கடைசியில் என் கைடு தன் சம்பளத்தில் இருந்து முன்பணம் கட்டினார். ஒவ்வொரு குப்பியையும் திரும்ப வளர்த்துப் பார்த்ததில் உயிரோடு வந்தவை 212. மற்ற கிராமங்களின் மண்ணுக்குத் திரும்பப் போகலாம்தான், ஆனால் அவற்றில் சில இடங்களில் இப்போது வீட்டு மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள்.

அப்புறம் எங்கள் லேப் அண்ணன். 34 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பியூரெட் பிடிப்பதில் இருந்து ஆட்டோகிளேவ் போடுவது வரை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஓய்வுபெற்று மூன்று வருடம் தாண்டியும் அவருடைய பணிக்கொடை வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் மஞ்சள் பையோடு வருவார். பைக்குள் ஒரு ஃபைல், அதில் இதுவரை கொடுத்த 14 மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். நிதிப் பிரிவில் கேட்டுவிட்டு, இன்னும் வரவில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, மாடி ஏறி ஆய்வகத்துக்கு வருவார். யாரும் சொல்லாமலே டிஸ்டில்டு வாட்டர் எந்திரத்தில் தண்ணீர் அளவைப் பார்ப்பார், குழாயில் படிந்த உப்பைச் சுரண்டிவிட்டுப் போவார். அவர் இருந்த பணியிடம் இன்னும் நிரப்பப்படவில்லை.

அதே ஊரில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரியில் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளருக்கு ஓய்வூதியம் கருவூலத்தில் இருந்து வருகிறது. இவருக்குப் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் இருந்து தரவேண்டும் என்கிறீர்கள். இருவரும் அரசு நிர்ணயித்த ஊதிய விகிதத்தில்தான் வேலை பார்த்தார்கள். பிறகு எதனால் இந்த வித்தியாசம்?

பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இணைவு பெற்ற கல்லூரிகளின் மாணவர்கள் கட்டும் தேர்வுக் கட்டணம், கல்லூரிகள் கட்டும் இணைவுக் கட்டணம், தொலைநிலைக் கல்வியில் வரும் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், சான்றிதழ் கட்டணம். இவ்வளவுதான். கட்டண கவுன்ட்டரில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள்தான் எங்கள் சொந்த வருவாய்.

அந்த வருவாயும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, அப்படிக் குறைந்ததில் அரசின் முடிவுகளுக்கும் பங்கு உண்டு. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க இருந்தது. 1966-இல் மதுரை, 1982-இல் பாரதியாரும் பாரதிதாசனும், 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார், 1997-இல் பெரியார், 2002-இல் திருவள்ளுவர் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமாக வந்தது. வந்தது நல்லதுதான். திருநெல்வேலிப் பிள்ளை பட்டச் சான்றிதழுக்காக மதுரைக்கு பஸ் ஏறவேண்டியதில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் கல்லூரிகளைப் பிரித்துக் கொடுத்தபோது தேர்வுக் கட்டணமும் பிரிந்துபோனது, பழைய பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் அங்கேயே இருந்தார்கள். 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தொலைநிலைக் கல்விக்கு எல்லை வகுத்தபோது வெளிமாநில மையங்களில் இருந்து வந்த வரவும் நின்றது. இதற்கிடையில் பல்கலைக்கழகமே நேராக நடத்தும் உறுப்புக் கல்லூரிகளைத் தொடங்கச் சொல்லிப் பல்கலைக்கழகங்களிடம் கொடுத்தீர்கள். 41 கல்லூரிகள் பிறகு அரசுக் கல்லூரிகளாக மாறும்வரை அவற்றின் சம்பளச் சுமையைப் பல்கலைக்கழகங்கள் தாங்கின. சேமிப்பு கரைந்தது இப்படித்தான். ஊதாரித்தனம் மட்டுமே காரணம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 2024 பிப்ரவரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 400 கோடி ரூபாய்க்கு மேல் வரி பாக்கி என்று சொல்லி வருமான வரித் துறை அதன் 37 வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளம் போடுவதற்கே வழியில்லாமல் நின்றது 166 வயதுப் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி வருமான வரி வந்தது என்று என் தம்பி கேட்டான், எனக்கும் அப்போது புரியவில்லை. தேடிப் படித்தேன். 1961-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின் 10(23சி) பிரிவில், அரசு நிதியில் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு வரி விலக்கு இருக்கிறது. பெரும்பகுதி என்றால் எவ்வளவு என்பதற்கும் விதி உண்டு, அந்த வருடத்தின் மொத்த வரவில் அரசு மானியம் பாதிக்கு மேல் இருக்கவேண்டும். மாநில அரசின் மானியம் பாதிக்குக் கீழே இறங்கியதும் அந்த விலக்கு கையை விட்டுப் போய்விட்டது.

இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டமன்றம் சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகம், அரசுச் செயலாளர்கள் சிண்டிகேட் என்ற ஆட்சிக் குழுவில் உட்காரும் பல்கலைக்கழகம், ஒரு பியூன் வேலையை நிரப்பவும் அரசின் அனுமதி வேண்டும் பல்கலைக்கழகம், வரிக் கணக்கில் அரசு நடத்தும் பல்கலைக்கழகம் இல்லை என்று ஆகிவிட்டது. மானியத்தைக் குறைத்ததால் மிச்சமான பணம் யாருக்குப் பயன்பட்டது? குறைத்தது போதாதென்று வரியும் வட்டியும் சேர்ந்து தலையில் விழுந்தது, அதைக் கட்டவும் மாணவர் கட்டணம்தான்.

உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியும். தணிக்கைத் தடைகள், அதாவது செலவுக் கணக்கில் தணிக்கையாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்கள், நூற்றுக்கணக்கில் நிலுவையில் இருக்கின்றன, அனுமதியில்லாமல் ஆட்களை நியமித்தார்கள், அதற்கெல்லாம் மானியம் தர முடியாது என்பீர்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கை எழுப்பும் கேள்விகளில் பல நியாயமானவை, அதை நான் மறுக்கமாட்டேன். வேலைக்கு விலை வைத்த காலமும் இருந்தது, வளாகத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியாததா? ஆனால் தப்பு நியமனம் செய்தவர் பதவிக்காலம் முடிந்து, ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கான பிடித்தம் அடுத்த பத்து வருடத்துக்கு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். ஃப்ரீசர் மேல் விழுகிறது, லேப் அண்ணன் மேல் விழுகிறது, கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைமேல் விழுகிறது. தப்பு செய்தவரிடம் வசூலியுங்கள், வழக்குப் போடுங்கள், நாங்கள் சாட்சி சொல்ல வருகிறோம். மானியத்தில் கை வைக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை யார் என்றும் சொல்கிறேன். எங்கள் முதலாம் ஆண்டு எம்.எஸ்சி. வகுப்பில் 22 பேர். அதில் 17 பேர் பெண்கள், 13 பேர் வீட்டில் முதல் பட்டதாரி. இந்த மாநிலம் உயர்கல்வியில் மற்றவர்களைவிட எவ்வளவோ முன்னால் நிற்கிறது, 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நம் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. இதில் எனக்கும் பெருமை உண்டு, நானும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறவள்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்ததால் இளநிலைப் படிப்பைப் பாதியில் விடாமல் முடித்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களே என்னிடம் சொன்னார்கள். ஆனால் போன வாரம் அந்தச் சுற்றறிக்கைக்கு முன்னால் நின்று ஒரு மாணவி செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு தாள், அதோடு ஒரு அரியர், மதிப்பெண் பட்டியலுக்குத் தனி, விண்ணப்பத்துக்குத் தனி. அவள் அம்மா தீப்பெட்டி ஒட்டுகிறவர். கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாமா மேடம் என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் அடுத்த செமஸ்டரில் கட்டணம் இதைவிடக் குறையும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆராய்ச்சிக்குப் பணம் போட்டால் என்ன வரும் என்று கேட்கிறவர்களுக்கு இந்த மாநிலத்தின் பழைய கணக்கிலேயே பதில் இருக்கிறது. 1913-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு இளைஞருக்கு, எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தோற்றவருக்கு, கையில் பட்டம் இல்லாதவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அறிக்கை தரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவர் பெயர் ராமானுஜன். அதே 1913-இல் தொடங்கிய தமிழ் லெக்சிகன் பணி 1 லட்சம் ரூபாயில் முடியும் என்று போட்ட கணக்கு, 1936-இல் ஆறு தொகுதிகள் முடியும்போது 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நடுவில் நிதிநிலை கருதி என்று எழுதி ஃபைலை மூடியிருந்தால், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் சொல்லும் அந்த அகராதி இன்றைக்கு நம்மிடம் இருந்திருக்காது. 1963-இல் ஜி.என்.ராமச்சந்திரனும் அவர் மாணவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரத மூலக்கூறு எந்தெந்த வடிவில் மடங்கலாம் என்று காட்டப் போட்ட வரைபடத்தை இன்றும் உலகத்தில் எந்தப் புரத ஆய்வகமும் பயன்படுத்துகிறது. நான் என் மாணவர்களுக்கு அதைப் பாடமாக நடத்துகிறேன், சம்பளம் வராத மாதத்திலும் நடத்தினேன்.

துணைவேந்தர் நியமன விவகாரம் ஆளுநருக்கும் அரசுக்கும் இடையில் நீதிமன்றம் வரை போயிருப்பது தெரிந்ததுதான். 2023 ஆகஸ்டில் காலியான சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி அடுத்த இரண்டு வருடத்திலும் நிரம்பவில்லை. அதில் யார் பக்கம் நியாயம் என்று எழுத இந்த மடல் இல்லை. ஆனால் நிதி ஒதுக்குவதற்கு எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் உயர்கல்விக்கு 8,494 கோடி ரூபாய் ஒதுக்கினீர்கள். அதில் பல்கலைக்கழகங்களின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதியான ஒரு பங்கு என்று எழுதி வைப்பது உங்கள் இரண்டு துறைகளின் கையில்தான் இருக்கிறது.

இனி நான் கேட்பவை.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர், அலுவலர் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அரசுக் கல்லூரிகளுக்குச் செய்வதுபோலக் கருவூலத்தின் பொறுப்பில் கொண்டுவாருங்கள். இதுதான் முதன்மையான கோரிக்கை, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். அது நடக்கும்வரை, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தரும் தொகுப்பு மானியம் அதன் மொத்த வரவில் பாதிக்குக் கீழே போகாது என்று அரசாணை போடுங்கள், காலாண்டின் முதல் வாரத்தில் பணத்தை விடுவியுங்கள். வரி விலக்கும் தானாகவே திரும்பி வரும்.

ஓய்வுபெற்றும் பணிக்கொடையும் பிற பாக்கியும் வாங்காதவர்களின் பட்டியலை எல்லாப் பல்கலைக்கழகங்களிடமும் வாங்கி, ஒரு தடவை சிறப்பு நிதி ஒதுக்கி, ஓய்வுபெற்ற தேதி வரிசையில் தீர்த்துவிடுங்கள். மஞ்சள் பையோடு மாடி ஏறுகிறவர் 15-வது மனு எழுதக்கூடாது.

தணிக்கைத் தடைகளுக்கு உயர்கல்வித் துறை, தணிக்கைத் துறை, பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து உட்கார்ந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள். பொறுப்பானவர் யாரோ அவரிடம் வசூலியுங்கள். மானியத்தில் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் சம்பளம் வரவேண்டும், யு.ஜி.சி. 2019-இல் சொன்னபடி, தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரவேண்டும். எங்களை வைத்துத்தான் பாதி வகுப்புகள் நடக்கின்றன.

ஒவ்வொரு அறிவியல் துறைக்கும் கருவிப் பராமரிப்புக்கென்று ஒரு சிறு தொகையைத் துறைத் தலைவரின் கையிலேயே கொடுங்கள். 38,000 ரூபாய் ஒப்பந்தத்துக்காக ஒரு ஃபைல் இரண்டு வருடம் சுற்றக்கூடாது.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எவ்வளவு கேட்டது, நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வருடா வருடம் துறையின் இணையதளத்தில் போடுங்கள்.

கடைசியாக, இந்தக் கல்வியாண்டின் கட்டண உயர்வை எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் ரத்து செய்து, அதனால் ஏற்படும் இழப்பை அரசே ஈடுகட்டும் என்று ஆணை பிறப்பியுங்கள். எங்கள் வளாகத்தில் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 10-ஆம் தேதி. ஆணை அதற்கு முன்னால் வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவி, இந்நாள் கௌரவ விரிவுரையாளர்